குழாய்களில் பாய்வேக வரம்பும் தேய்மானமும்

குழாய்க்குள் ஓடும் நீரோ எண்ணெயோ நீராவியோ சுவரை உள்ளிருந்து தின்றுவிடாதபடி வகுக்கப்படும் உச்ச வேகமே பாய்வேக வரம்பு. குழாயின் விட்டத்தைக் குறைத்தால் வாங்கும் செலவு குறையும்; ஆனால் அதே அளவு நீர் விரைந்தோட வேண்டியிருப்பதால் பம்பின் மின்செலவும் சுவரின் தேய்மானமும் கூடும். சாதாரண நீர்க்குழாய்களில் நொடிக்கு 1 முதல் 3 மீட்டர் வரை வைப்பது வழக்கம்.

எண்ணெய், எரிவாயு வயல்களில் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 14இ பரிந்துரை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஒரு மாறிலியைக் கலவை அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரம்பு கிடைக்கும். மெட்ரிக் அலகில், தொடர் ஓட்டத்துக்கு அந்த மாறிலி 122. நீரின் அடர்த்தியைப் போட்டுப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 3.9 மீட்டர் வரும். கணக்கு எளிது, அதனாலேயே ஆபத்தும் உண்டு. மணல், எல்போ எனும் வளைவு இணைப்பு, உலோகத்தின் வகை எதுவும் அந்தச் சூத்திரத்தில் நேரடியாக இல்லை.

மணல் கலந்துவிட்டால் நிலைமை வேறு. தேய்வு, ஓட்ட வேகத்தின் இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் இடைப்பட்டு ஏறுகிறது. வேகம் இருமடங்கானால் தேய்வு நான்கு முதல் எட்டு மடங்கு. நீரோட்டம் திரும்பும் இடத்தில் மணல் துகள் திரும்பாமல் நேரே போய் எல்போவின் வெளிவளைவில் உரசுகிறது. எஃகை அதிகம் செதுக்குவது நேர்மோதல் அல்ல, 15 முதல் 30 பாகைச் சாய்வில் உரசும் துகள்தான். பீங்கான் போன்ற நொறுங்கும் பொருளுக்கோ நேர்மோதலே கேடு.

மணலே இல்லாத தூய வெந்நீரும் குழாயைத் தேய்க்கும். கார்பன் எஃகின் உட்புறத்தைக் காக்கும் கருப்பு ஆக்சைடு படலத்தை, ஆக்சிஜன் குறைந்த நீர் விரைந்தோடும்போது கரைத்துக்கொண்டே போகிறது. 150 பாகை செல்சியசை ஒட்டி இது உச்சமடைகிறது. 1986 டிசம்பரில் அமெரிக்காவின் சரி (Surry) அணுமின் நிலையத்தில் ஓர் எல்போ இப்படி வெடித்து நால்வர் இறந்தனர். ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தின் மூன்றாம் அலகில் 2004 ஆகஸ்ட் 9 அன்று வெடித்த குழாயில், 10 மில்லிமீட்டர் சுவர் 1.4 மில்லிமீட்டராக மெலிந்திருந்தது. இடம், ஓட்டம் அளக்கும் துளைத்தகட்டை அடுத்த பகுதி. தகட்டைத் தாண்டிய சுழிப்பே அதை அரித்தது. 1976 முதல் இயங்கிய அந்த அலகின் சோதனைப் பட்டியலில் அந்த இடம் விடுபட்டிருந்தது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வேக வரம்பைக் காட்டி தடிமன் அளவெடுப்பைத் தவிர்ப்பதை ஏற்கவே முடியாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

சிறிதளவு குரோமியம் சேர்ந்தாலே இவ்வகைத் தேய்வு வெகுவாகக் குறைவதால், பழுதான பகுதிகளில் சுமார் 2 சதவீதக் குரோமிய எஃகு பொருத்துகிறார்கள். மற்ற இடங்களில், ஆலை நிறுத்தத்தின்போது எல்போவின் வெளிவளைவிலும் துளைத்தகட்டுக்கும் வால்வுக்கும் அடுத்த பகுதியிலும் கட்டம் வரைந்து, மீயொலிக் கருவியால் புள்ளி புள்ளியாகத் தடிமன் எடுத்து, முந்தைய அளவோடு ஒப்பிடுகிறார்கள்.