குவாரண்டைன்: நாற்பது நாள் காவல்

இத்தாலிய மொழியில் ‘குவரந்தா’ என்றால் நாற்பது. கொள்ளைநோய்க்கு அஞ்சிய ரகுசா துறைமுகம் 1377இல், நோய் பரவிய ஊர்களிலிருந்து வந்தவர்களை ஒரு மாதம் வெளியே நிறுத்தியது. பின்னாளில் அது நாற்பது நாளாக, எண்ணே பெயராயிற்று. தமிழில் இதைத் ‘தனிமைப்படுத்தல்’ என்கிறோம்.

பன்னாட்டு நலவாழ்வை முதுநிலையில் படிப்பவருக்கு இது அடிப்படைச் சொல். நாடுகள் தனித்தனியே விதித்த காவலால் வணிகம் முடங்கவே, 1851இல் பாரிசில் முதல் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. இன்றைய உலக சுகாதார விதிகளுக்கு வேர் அதுதான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழர் பலருக்கு இந்தச் சொல் மண்டபம் என்ற கடலோர ஊரில் பழக்கமானது. சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்கள் அங்கிருந்த முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பிறகே கடல் தாண்டினார்கள். தோட்டத்துக்கு நோய் போய்விடக் கூடாது என்பதே அரசின் கவலை. காத்திருந்த குடும்பங்களின் அலைச்சல் அதில் இரண்டாம்பட்சம்.

சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் இந்தப் பெயர்தான் இல்லை, வழக்கம் உண்டு. அம்மை கண்ட வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே வரமாட்டார். 2020இல் வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் வீட்டு வாசலில் அரசு ஒட்டிய தாளும் சொன்னது அதையேதான்.