லக்சபான மின்கடனும் மலையக உழைப்பும்

இலங்கை நீர்மின் வரலாற்றில் பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயர் முதலிடம் பெறுவது முறையே. 1918இல் அவர் முன்வைத்த கருத்து 1950இல் லக்சபானவில் செயலுருப் பெற்றது. அதன் விரிவாக்கத்திற்கு 1954இல் உலக வங்கி ஏறத்தாழ 1 கோடி 91 இலட்சம் டொலர் கடன் வழங்கியது. இலங்கை அவ்வங்கியிடம் பெற்ற முதற் கடன் அதுவே.

அக்கடனை அடைத்தவர் யாவர் என்னும் வினாவை நாம் எழுப்புதல் வேண்டும். டொலர்க் கடன் அந்நியச் செலாவணியாலேயே தீரும். அன்றைய ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் ஈட்டியது தேயிலை. அதனைக் கொய்த மலையகத் தமிழருட் பெரும்பாலோரோ 1948இல் குடியுரிமையையும், 1949இல் வாக்குரிமையையும் இழந்திருந்தனர். கடன் கிடைத்த அதே 1954இல், நேரு–கொத்தலாவலை உடன்படிக்கை அவர்கள் எந்நாட்டவர் எனப் பேரம் பேசிற்று.

ஹற்றனுக்கு அண்மையில் காசல்ரீ நீர்த்தேக்கம் எழுந்தது. மின்கம்பிகள் தேயிலை மலைகளைக் கடந்து கொழும்பு நோக்கிச் சென்றன. மலைச்சரிவின் லயன்கள் பலவற்றில் பல பத்தாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது.

2012இல் யப்பானியக் கடனில் மேல் கொத்மலை இயங்கத் தொடங்கியபோது, தலவாக்கலையில் இடம்பெயர்ந்த தோட்டக் குடும்பங்களுக்கு வீடுகள் அமைக்கப்பட்டிருந்தன. இடைக்காலத்தில் அம்மக்கள் வாக்காளராகியிருந்தனர். இம்மாற்றத்தை வங்கியின் கருணையாக அன்றி, மீட்கப்பட்ட உரிமையின் விளைவாகவே நாம் காண்கிறோம்.