மீயொலிக் குவிப்புச் சிகிச்சை: புராஸ்டேட் புற்றுநோயும் ஆரணி வட்டாரமும்

மனிதச் செவிக்கு எட்டாத ஒலி அலைகளைப் பல திசைகளிலிருந்து ஒரே புள்ளியில் குவித்து, அங்குள்ள திசுவைச் சூட்டால் அழிக்கும் மருத்துவ முறை மீயொலிக் குவிப்புச் சிகிச்சை. மருத்துவமனைப் பேச்சில் இதற்கு 'ஹைஃபு' என்று பெயர். கர்ப்பிணிக்கு எடுக்கும் ஸ்கேனிலும் இதே வகை அலைதான் பயன்படுகிறது. செறிவும் குவிப்பும்தான் வேறு. கருப்பை நார்க்கட்டி, கைநடுக்கம் ஆகியவற்றுக்கும் இது கையாளப்பட்டாலும், அதிகம் பேசப்படுவதும் அதிகம் சர்ச்சைக்குள்ளாவதும் புராஸ்டேட் புற்றுநோயில்தான். நோயாளிகளை நாடு விட்டு நாடு அலையவைத்த சிகிச்சைகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

வரலாறு

முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய மீயொலியை ஆராய்ந்துகொண்டிருந்தார் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்சுவான். துலோன் கடற்படைத் தளத்தில் நடந்த சோதனைகளில், அலையின் பாதையில் சிக்கிய மீன்கள் செத்து மிதந்தன. நீருக்குள் கை வைத்தவர்களுக்கு வலி எடுத்தது. போர்க்காலத்தில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. 1927இல் அமெரிக்கர்கள் ராபர்ட் வுட்டும் ஆல்ஃபிரட் லூமிஸும் செறிவான மீயொலி உயிர்த்திசுக்களை என்ன செய்கிறது என்று முறையாக எழுதினார்கள். லூமிஸ் ஒரு வங்கியாளர். நியூயார்க்கை அடுத்த டக்சிடோ பார்க்கில் சொந்தக் காசில் ஆய்வகம் நடத்தியவர்.

அலையைக் குவிக்கும் யோசனை 1942இல் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் லின்னும் அவர் குழுவினரும், தோலுக்குச் சேதம் அதிகமில்லாமல் உள்ளே இருக்கும் திசுவை மட்டும் அழிக்கலாம் என்று விலங்குகளில் காட்டினர். 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃப்ரை, ஃபிரான்சிஸ் ஃப்ரை சகோதரர்கள் இதை மூளைக்குக் கொண்டுபோனார்கள். மண்டையோட்டைத் திறந்து, பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைக்குள் மீயொலியைச் செலுத்தினார்கள். பிறகு லெவோடோபா மாத்திரை வந்தது. மாத்திரையில் அடங்கும் நோய்க்கு மண்டையைத் திறக்க யார் சம்மதிப்பார்கள்? உள்ளே நடப்பதைப் பார்க்கத் தக்க படக்கருவியும் அன்று இல்லை. முறை கிடப்பில் விழுந்தது. 1980களில் கண் அழுத்த நோய்க்காக அது திரும்ப வந்தது. அதற்கான கருவிக்கு 1988இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது.

புராஸ்டேட்டுக்கு வந்ததற்குக் காரணம் உடலமைப்பு. ஆணின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் இச்சுரப்பி மலக்குடலை ஒட்டியே அமைந்திருக்கிறது. மலக்குடல் வழியாகக் கருவியை நுழைத்தால் இடையில் எலும்பும் இல்லை, காற்றும் இல்லை. மீயொலிக்கு இரண்டுமே ஆகாதவை. 1990களில் பிரான்சின் லியோன் நகரில் ஆல்பர்ட் ஜெலேயின் குழு இதில் இறங்கியது. அங்கே உருவானது 'ஆப்லாதெர்ம்' கருவி. அமெரிக்காவின் இண்டியானாவில் உருவான போட்டிக் கருவி 'சோனாப்லேட்'.

எல்லை தாண்டிய நோயாளிகள்

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் புழக்கத்துக்கு வந்த புராஸ்டேட் முறைக்கு அமெரிக்கா நெடுநாள் அனுமதி தரவில்லை. தங்கள் நாட்டிலேயே பிறந்த சோனாப்லேட்டுக்காக அமெரிக்க ஆண்கள் மெக்சிகோ, கனடா, டொமினிக்கன் குடியரசு, பஹாமாஸ் என்று பறந்தார்கள். பல சமயம் மருத்துவரும் அமெரிக்கரே. கடற்கரை ஊருக்கு நோயாளியும் அவரும் தனித்தனியே போய்ச் சேர்வார்கள். செலவு 20,000 டாலருக்கு மேல். அனுமதி இல்லாத சிகிச்சை என்பதால் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்துவிட்டன. 2015 அக்டோபரில் சோனாப்லேட்டுக்கும் அடுத்த மாதம் ஆப்லாதெர்முக்கும் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி 'புராஸ்டேட் திசுவை அழித்தல்' என்பதற்கே. புற்றுநோயைக் குணப்படுத்தும் கருவி என்று உணவு மருந்து நிர்வாகம் சொல்லவில்லை. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தியதும் இல்லை.

வகைகள்

அழிக்கும் பரப்பை வைத்து மூன்று வகை: சுரப்பி முழுவதும், பாதிச் சுரப்பி, கட்டி இருக்கும் இடம் மட்டும். ஆரம்பக் காலத்தில் முழுச் சுரப்பியும் அழிக்கப்பட்டது. எம்.ஆர்.ஐ. படம் தெளிவடைந்தபின் மூன்றாவது வகை பரவலாயிற்று. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் மார்க் எம்பர்டன், ஹாஷிம் அகமது ஆகியோருக்கு இதில் பெரும் பங்கு உண்டு. கருவி செல்லும் வழியை வைத்து இரண்டு வகை: மலக்குடல் வழி, சிறுநீர்ப்பாதை வழி. பின்னது எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள்ளேயே நடப்பது, 2019இல் அமெரிக்க அனுமதி பெற்றது.

செய்முறை

முழு மயக்கமோ முதுகுத்தண்டு மயக்கமோ கொடுக்கப்படும். ஆப்லாதெர்மில் நோயாளியை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். சோனாப்லேட்டில் மல்லாக்க, கால்களைத் தூக்கி. கருவியின் முனையை மூடிய உறைக்குள் குளிர்ந்த திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். மலக்குடல் சுவர் வெந்துவிடாமல் காப்பது அதுதான். ஒவ்வொரு துடிப்பும் சில நொடிகள். குவியத்தில் வெப்பம் 80 டிகிரி செல்சியசைத் தாண்டும். அழியும் இடம் ஆரணி ஆலைகளில் தீட்டும் அரிசி மணியைவிடச் சற்றே பருமன். அந்த மணிகளை ஒன்றையொட்டி ஒன்றாக அடுக்கிக்கொண்டு போவதுபோல மருத்துவர் திரையைப் பார்த்துக் கட்டியை நிரப்புகிறார். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சில நாட்களுக்குச் சிறுநீர்க் குழாய் இருக்கும். சுரப்பி மிகப் பெருத்திருந்தாலும், உள்ளே சுண்ணாம்புப் படிவு இருந்தாலும், கட்டி முன்பக்கம் இருந்தாலும் மலக்குடல் வழி சரிப்படாது.

சிறுநீர்க் கசிவும் ஆண்மைக்குறைவும் அறுவையைவிட இதில் குறைவு. 46 மையங்களில் 3,328 பேரைத் தொடர்ந்த பிரெஞ்சு ஆய்வில், முப்பது மாத அளவில் இச்சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுசிகிச்சைத் தேவை அறுவை செய்துகொண்டவர்களைவிட அதிகமாகவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளரும் நோய்க்கு முப்பது மாதம் குறுகிய கணக்கு என்பார் உண்டு. ஐரோப்பியச் சிறுநீரகவியல் வழிகாட்டி இதனை ஆய்வுக்கோ பதிவேட்டுக்கோ உட்பட்டே செய்யச் சொல்கிறது. அபாயம் குறைந்த கட்டிகளுக்கு எதுவும் செய்யாமல் கண்காணித்து வருவதே போதும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டது: பிரிட்டனில் 1,643 பேரை நடுவளவாக 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு எதுவானாலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரே.

ஆரணி வட்டாரம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பேர்பெற்றது. பெரிய நோய் என்றால் இவ்வூரார் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் பஸ் ஏறுவது வழக்கம். ரயிலில் போவோருக்குக் களம்பூரில் 'ஆரணி ரோடு' நிலையம். ஐடா ஸ்கட்டர் 1900இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருந்தகம்தான் இன்றைய வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை. அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இன்னொரு பட்டு நகரமான காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் இருக்கிறது. ஆரணியார் ஒரு மணி நேரத்தில் சென்றடையும் வேலூர்தான் வங்கதேசத்தாருக்கு வெளிநாட்டுச் சிகிச்சைத் தலம்; சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜுகளும் மருந்துக்கடைகளும் வங்காள எழுத்தில் பலகை மாட்டியிருக்கின்றன. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறி, மருத்துவ விசா சுருங்கியபின் அந்த வரவு மெலிந்தது.

ஹைஃபுக்காகக் கடல் கடக்க நினைப்பவருக்குப் பணம் அனுப்பச் சட்டத் தடை இல்லை. ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுமதிக்கிறது. தடை நோயின் நிலையில்தான். இச்சிகிச்சை சுரப்பிக்குள் அடங்கிய கட்டிக்கு மட்டுமே. அடங்கிய கட்டியோ பெரும்பாலும் அறிகுறி காட்டாது. தேசியத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் உண்டு, புராஸ்டேட் இல்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டோ முதுகெலும்பில் வலி எடுத்தோ வரும் நெசவாளருக்கு நோய் பெரும்பாலும் சுரப்பியைத் தாண்டியிருக்கும். எந்த நாட்டுக் கருவியும் அதற்கு உதவாது.

இந்தியாவில் 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட நவீன சிகிச்சைகளின் பட்டியலில் ஹைஃபு இடம்பெற்றது, கருப்பைத் தமனியை அடைக்கும் சிகிச்சையுடன் சேர்ந்து. கோயம்புத்தூர் ராயல் கேர் மருத்துவமனை எம்.ஆர்.ஐ. வழிகாட்டலில் கைநடுக்கத்துக்கு இம்முறையைச் செய்கிறது.

வெளிநாட்டில் செய்துகொண்டவருக்கும் பின்தொடர்தல் உள்ளூரில்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) இரத்தப் பரிசோதனை செய்து, சிகிச்சைக்குப்பின் இறங்கிய மிகக் குறைந்த அளவைக் குறித்துவைக்க வேண்டும். முழுச் சுரப்பியையும் அழித்தவர்களுக்கு அதற்குமேல் மில்லிலிட்டருக்கு 1.2 நானோகிராம் கூடினால் நோய் திரும்பியதாகக் கொள்வது ஷ்டுட்கார்ட் வரையறை. கட்டியை மட்டும் அழித்தவர்களுக்கு மிச்சச் சுரப்பியும் பி.எஸ்.ஏ. சுரப்பதால் அந்தக் கணக்குப் பொருந்தாது; அவர்களுக்கு எம்.ஆர்.ஐ.யும் மறுபடி பயாப்ஸியும் தேவைப்படும்.