எங்கட தீவில் முதல் வந்தது யார்?

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை தரம் 9 பிள்ளைகளுக்கு ஓர் ஒப்படை கொடுத்தேன். சரித்திரப் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. வீட்டிலுள்ள முதியவர்களிடம் தீவின் கதையைக் கேட்டு எழுதிவர வேண்டும்.

கொப்பிகளை இரவிரவாக வாசித்தேன். நெடுந்தீவில் சொந்தமுள்ள பிள்ளைகள் வெடியரசன் கோட்டையையும் ஒல்லாந்தரின் குதிரை லாயத்தையும் எழுதியிருந்தார்கள். பெருக்குமரத்தை அராபியர் நட்டார்கள் என்று நாலு பேர். அராபியர் என்பது செவிவழிக் கதைதான், ஆனால் அந்த மரத்தின் சொந்த ஊர் ஆபிரிக்கா என்பது நிச்சயம். யாரோ ஒரு கடலோடி கொண்டுவந்திருக்க வேண்டும்.

நயினாதீவுக்கு அம்மனுக்குப் பூக் கொண்டுபோன நாகமும் அதை மறித்த கருடனும். நாகவிகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகரைக் கேட்டால், மணி ஆசனத்துக்குச் சண்டையிட்ட மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர்களைப் புத்தர் சமாதானப்படுத்திய மகாவம்சக் கதையைச் சொல்வார்கள். இரண்டிலும் நாகர்! அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தலங்களுக்கும் இது தெரியாமலா இருக்கும்?

ஒருவரும் எழுதாதது, அதே அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த கட்டளை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் வாசித்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்குதான் அரசுக்கு, முக்கால் பங்கு உரியவருக்கு. வேறு சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. சிங்கள அரசன், தமிழ் எழுத்து, அம்மன் கோயில், பிறநாட்டு வியாபாரி. எந்தப் பக்கமும் "இது எங்கட" என்று தூக்கிப் பிடிக்க வசதியில்லாத கல். அதனால்தான் எந்த அம்மம்மாவும் இதைக் கதையாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் பத்துக்கு மேற்பட்ட கொப்பிகளில் குமுதினி இருந்தது. 1985 மே 15, நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்த படகில் 20க்கும் அதிகமானோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வெட்டியவர்கள் கடற்படையினர் என்றே தப்பியவர்கள் சொன்னார்கள். ஒரு பிள்ளை தன் உறவினர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதுவரை எழுதியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், இங்கே நியமனம் கிடைக்கும்வரை குமுதினி என்ற பெயரையே நான் கேள்விப்படவில்லை. நான் வளர்ந்தது புத்தளத்தில். அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரே திகதி 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொல்லிப் புலிகள் கட்டளையிட்ட நாள். இந்தக் கொப்பிகளில் அந்தத் திகதி ஒன்றில்கூட இல்லை. பிள்ளைகளில் பிழையில்லை, வீட்டில் சொல்லாததை எப்படி எழுதும்? எங்கட வீடுகளிலும் குமுதினியைச் சொல்லவில்லையே.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது பின்வாங்கிலிருந்து ஒருத்தன் கேட்டான்: "சேர், உங்கட வீட்டில நீங்க கேக்கேல்லையா?"

அன்றிரவே உம்மாவுக்குக் கோல் எடுத்தேன். அப்போது நான் எட்டு மாதக் குழந்தை. என்னைத் தூக்கினது, கதவைப் பூட்டினது எல்லாம் உம்மாவுக்கு நினைவிருக்கிறது. கொட்டிலில் நின்ற ஆட்டை அவிழ்த்து விட்டாரா இல்லையா என்பது மட்டும் இன்னும் நிச்சயமில்லையாம். மூன்று தரம் அதையே சொன்னார்.

அதை அப்படியே ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளையில் வாசிக்கப் போகிறேன்.