விழிப்புக் குளிகையும் பல்கலைக்கழகமும்

மருத்துவரின் சீட்டின்றி ஊக்கமருந்து உட்கொள்ளும் வழக்கம், புறத்தேயிருந்து மாணாக்கரைப் பற்றிய தீமை எனக் கருதப்படுவதுண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1887 இல் உருமேனிய இரசாயனவியலாளர் எடெலியானு பேர்லினில் ஆக்கிய அம்பெற்றமீன், நெடுங்காலம் பயன்பாடின்றிக் கிடந்தது. 1927 இல் ஐக்கிய அமெரிக்காவிலே கோர்டன் அலெஸ் அதனை மீண்டும் ஆக்கினார். 1930களில் அது 'பென்செட்றீன்' என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் அதைப் பெறுவதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டியிருக்கவில்லை.

மினசோட்டாப் பல்கலைக்கழக உளவியலாளர் அம்மருந்தின் விளைவை அறியும்பொருட்டு மாணாக்கருக்கே அதனைக் கொடுத்துச் சோதித்தனர். உறக்கம் அகலுவதைக் கண்டுகொண்ட மாணாக்கர், பரீட்சைக் காலத்தில் தாமாகவே அக்குளிகையை நாடலாயினர். 1937 இல் இச்செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது. ஆய்வுகூடத்திலிருந்து பரீட்சை மண்டபத்திற்குச் சென்ற வழி, பல்கலைக்கழகத்தின் உள்வழியேயாம்.

1971 இல் அமெரிக்க அரசு அம்பெற்றமீன்மீது கடுங்கட்டுப்பாடு விதித்தது. எனினும், கவனக்குறைபாட்டு நோயாளருக்கென விதிக்கப்படும் அம்பெற்றமீனும் மீதைல்பெனிடேற்றும் அங்கு மாணாக்கரிடையே கைமாறி வருகின்றன. நோயற்றோரிடம் நடாத்தப்பெற்ற சில ஆய்வுகளிலே, திறன் பெரிதும் உயரவில்லை. நன்றாகச் செய்தோம் என்ற எண்ணமே உயர்ந்தது.

குளிகை அறிவைத் தருவதில்லை. உறக்கத்தைக் கடனாகப் பெறுகின்றது. ஓராண்டுக் கல்வியைச் சில இரவுகளுள் அடக்கும் பரீட்சை முறை நிலவும்வரை, சட்டம் மட்டும் இவ்வழக்கத்தை ஒழித்துவிடாது. கற்பிப்போரும் கற்போரும் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே.