இடக்காலுக்கும் ஒரு போட்டி

வலக்கால் பழக்கமுள்ளவர்கள் இடக்காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். இப்படி ஒரு கால்பந்துப் போட்டி ஹைதராபாத்தில் நடந்தது. இன்னொரு போட்டியில் பந்தைக் காலோடு கடத்திக்கொண்டு ஓடக் கூடாது; கிடைத்ததும் அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும். இவற்றை ஏற்பாடு செய்தவர் பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம்.

1909-ல் பிறந்த ரஹீம், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ளூர் கிளப்புகளுக்கு ஆடியவர். 1943-ல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். 1950-ல் நகர போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. அந்த வருஷம் தொடங்கித் தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை அவர்களுக்கே!

1951 டெல்லி ஆசிய விளையாட்டில் அவர் பயிற்சி தந்த இந்திய அணிக்குத் தங்கம். மறு வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா 10-1 என நொறுக்கியது. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடியிருந்தார்கள். அதன்பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. ரஹீம் துவளவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, நான்காம் இடம் வரை வந்தது அவரது அணி.

ஆனாலும் அவருடைய உச்சம் ஜகார்த்தாதான். 1962 ஆசிய விளையாட்டுக்கு அவர் போனபோது நுரையீரலில் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்துடன் மோதியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட்டார்கள். அவரை உட்காரவைக்காமல் முன்வரிசைக்கு ஏற்றினார் ரஹீம். எவ்வளவு துணிச்சலான முடிவு! அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென்கொரியா. போட்டியை நடத்திய நாடு இஸ்ரேலையும் தைவானையும் அனுமதிக்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்ததால், அரங்கமே நம் அணிக்கு எதிராகக் கூச்சலிட்டது. உற்சாகம் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள். காய்ச்சலிலிருந்து எழுந்த பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு ஆடி வளர்ந்த நெடிய மனிதர் அவர். உயரப் பந்துகளை நம்பிய கொரியர்களுக்கு எதிராக அந்த உயரம் தேவைப்பட்டது. பி.கே. பானர்ஜி, ஜர்னைல் கோல்களால் 2-1, தங்கம்.

1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை. 1970-ல் பாங்காக்கில் கிடைத்தது வெண்கலம்; அந்த அணிக்குப் பயிற்சி தந்தவர்களில் ஒருவர் ரஹீமின் சீடர் பி.கே. பானர்ஜி.