கென்டக்கி ரைஃபிள்: கட்டை மெருகேற்றம்

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஜெர்மானிய வழிக் கொல்லர்கள் உருவாக்கிய, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நீள்துப்பாக்கி. இன்று உதிரிபாகத் தொகுப்பாக வாங்கி, வீட்டிலேயே கோத்து முடிப்போர் அமெரிக்காவில் பலர். இதன் அழகெல்லாம் வரியோடிய மேப்பிள் கட்டையில்தான். அரத்தடம் ஒன்றும் மிஞ்சாதபடி சுரண்டித் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, எழும் நார்களை மறுபடி தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் கட்டை கடைசிவரை சொரசொரப்பாகவே நிற்கும். பிறகு, இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலம் பூசப்படும். சூடு காட்டியதும் மரம் செம்பழுப்பாகி, அதுவரை மங்கிக் கிடந்த குறுக்குவரிகள் அலையலையாகத் துலங்கும். சாயப்பூச்சு எதுவும் இதற்கு ஈடாகாது. எஞ்சிய அமிலத்தைச் சமையல் சோடா நீரால் முறித்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவர். குழலுக்கோ துருவே மெருகு: வேண்டுமென்றே படியவிட்டு, தேய்த்து, நிறம் பிடிக்கும்வரை தொடர்வர்.